படிக்க ஆளில்லை என்பது யாருடைய கணக்கு?

விளையாட்டையும் சினிமாவையும் பற்றி நிதானமாக, நீளமாக எழுதுகிற இணையதளம் ஒன்று மூடப்பட்டால் போதும், காரணம் சொல்ல ஆட்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். “இந்தக் காலத்துல யாருங்க உக்காந்து படிக்கிறாங்க? ரெண்டு நிமிஷ வீடியோன்னா பாப்பாங்க. ஆறாயிரம் வார்த்தைன்னா ஓடிருவாங்க.” இப்படிச் சொல்பவர் விளம்பரத் துறைக்காரராக இருப்பார், பத்திரிகை நிர்வாகியாக இருப்பார், சில சமயம் எழுத்தாளரே சொல்வார், அப்போது கூடவே ஒரு பெருமூச்சும் வரும். இரங்கல் குறிப்பு முடிவதற்குள் தீர்ப்பும் எழுதியாகிவிடும்: செத்தது தளம், கொன்றது வாசகர்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் முளைத்து, தடுமாறி, மூடப்பட்ட, அல்லது எப்படியோ பிழைத்துக்கொண்ட இத்தகைய தளங்களின் கதையை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். வாசகர் கைவிட்டதால் மூடினோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லத்தக்க ஒன்று தேறுவது சிரமம். முதலாளிக்கு ஆசிரியரைப் பிடிக்காமல் போயிருக்கிறது. தாய் நிறுவனத்துக்கு வேறெங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. தளத்தை வாங்கியவர் அதை வேறொருவரிடம் விற்கவே வாங்கியிருக்கிறார். வாசகர் பாட்டுக்குத் தன் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருந்தார்.

கிராண்ட்லேண்டிலிருந்து தொடங்கலாம், எதிர்த்தரப்பு முதலில் காட்டும் சடலம் அதுதான். 2011 ஜூன் 8 அன்று விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈஎஸ்பிஎன் தொடங்கிய தளம். பழைய தலைமுறை விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லேண்ட் ரைஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். தலைமை ஆசிரியர் பில் சிம்மன்ஸ். பாஸ்டனில் மதுக்கூட வேலை பார்த்துக்கொண்டே, 1997இல் இணையத்தில் பத்தி எழுத ஆரம்பித்தவர் அவர். செய்தியாளர் மாடத்தில் இருந்து எழுதாமல், நண்பர்களோடு வீட்டில் ஆட்டம் பார்த்துக் கத்துகிற ரசிகனாக எழுதினார். கூடைப்பந்து வீரர் ஒருவரை விளக்க எண்பதுகளின் படம் ஒன்றிலிருந்து ஒரு பாத்திரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்வார். அந்தக் குரலின் வெற்றிதான் தளத்தின் அடிப்படை: விளையாட்டும் வெகுஜனக் கலையும் ஒரே கூரையின் கீழ்.

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்று அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு. கவாஸ்கரும் கமல்ஹாசனும் ஒரே வார இதழில் இருந்தார்கள் என்பதற்காக நம் வீடுகளில் யாரும் பத்திரிகையைத் தூக்கி எறிந்ததில்லை. எனவே இந்தக் கேலி எனக்குப் புரிவதில்லை. கிராண்ட்லேண்டில் இந்தக் கலவை என்ன செய்தது என்று பாருங்கள். வெஸ்லி மோரிஸ் 2012இல் திரை விமர்சனத்துக்காகப் புலிட்சர் வாங்கிவிட்டு அங்கே வந்தவர். படங்களைப் பற்றி எழுதியதோடு நிற்காமல், ஆட்டம் முடிந்து செய்தியாளர்கள் முன் வந்து உட்காரும் வீரர்கள் என்ன சட்டை, என்ன கண்ணாடி அணிகிறார்கள், அதன் மூலம் என்ன சொல்ல வருகிறார்கள் என்று ஒரு பத்தித் தொடரே எழுதினார். ஸாக் லோ ஒரு கூடைப்பந்து அணியின் தற்காப்பை எடுத்துக்கொண்டு, யார் எந்த நொடியில் ஓர் அடி தப்பாக நகர்ந்தார் என்பதுவரை பிரித்துக் காட்டுவார். பிரையன் ஃபிலிப்ஸ் 2013இல் அலாஸ்காவின் ஆயிரம் மைல் நாய்வண்டிப் பந்தயத்தைச் சிறு விமானத்தில் பின்தொடர்ந்து போய் எழுதியது ஒரு குறுநாவல் அளவுக்கு நீளும். பக்கத்தின் ஓரத்தில், வாக்கியத்துக்கு நேரே, சின்ன எழுத்தில் அடிக்குறிப்புகள் நிற்கும். கட்டுரையை விட்டுவிட்டு அவற்றையே படித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, நான் அந்த ரகம்.

கிராண்ட்லேண்ட் மூடப்பட்ட விதத்தைத் தேதிவாரியாகப் பார்ப்போம். 2014 செப்டம்பரில் சிம்மன்ஸ் தன் பாட்காஸ்டில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஆணையர் ராஜர் குடெல்லைப் பொய்யர் என்றார். ஈஎஸ்பிஎன் அவரை மூன்று வாரம் இடைநீக்கம் செய்தது. 2015 மே மாதம், அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று ஈஎஸ்பிஎன் தலைவர் ஜான் ஸ்கிப்பர் நியூயார்க் டைம்ஸிடம் அறிவித்தார். அக்டோபரில் நிறுவனம் முழுக்கச் சுமார் 300 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதே மாதம் 30ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, கிராண்ட்லேண்ட் நிறுத்தப்பட்டது.

இந்தத் தொடரில் வாசகர் எங்கே வருகிறார்? எங்கும் வரவில்லை. பணம் வருகிறது. கிராண்ட்லேண்ட் பிறந்து மூன்று மாதத்தில், 2011 செப்டம்பரில், திங்கள் இரவு ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை நீட்டிக்க ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டாலர் தருவதாக என்எஃப்எல்லுடன் ஈஎஸ்பிஎன் ஒப்பந்தம் போட்டது. 2014 அக்டோபரில் என்பிஏ கூடைப்பந்துக்காக, டர்னர் நிறுவனத்தோடு சேர்ந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர். செலவு இப்படி ஏறிக்கொண்டிருந்தபோது வரவு இறங்கியது. தாய் நிறுவனமான டிஸ்னியின் ஆண்டறிக்கைகளின்படி 2013இல் 9.9 கோடி வீடுகளில் இருந்த ஈஎஸ்பிஎன், 2015இல் 9.2 கோடி வீடுகளில்தான் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து மாதம் ஆறு டாலருக்கு மேல் அதற்குக் கிடைத்தது. குறைந்த எழுபது லட்சம் வீடுகளை அந்த ஆறு டாலராலும் பன்னிரண்டு மாதத்தாலும் பெருக்கினால், ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் கைவிட்டுப் போகிறது. 2015 ஆகஸ்டில் இந்தச் சந்தாதாரர் இழப்பை டிஸ்னி வாய்விட்டு ஒப்புக்கொண்ட மறுநாள் அதன் பங்கு சுமார் 9 சதவீதம் சரிந்தது. சில டஜன் பேர் எழுதிக்கொண்டிருந்த ஒரு தளத்தின் மொத்தச் சம்பளப் பட்டியல் இந்தப் பள்ளத்தின் ஒரு மூலையைக்கூட நிரப்பியிருக்காது. ஆனாலும் அதை வெட்டினார்கள். பெருமைக்காக வாசலில் கட்டிய யானை அது. கட்டிய அன்று யாரும் தீவனக் கணக்குக் கேட்கவில்லை. பாகனை விரட்டிவிட்ட பிறகு கேட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிராண்ட்லேண்டை நான் கோயிலாக்கவில்லை. 2014 ஜனவரியில், கோல்ஃப் மட்டை ஒன்றை வடிவமைத்தவரைப் பற்றி அது வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கக் கூசும். அவர் திருநங்கை என்பதைக் கட்டுரையாளர் தோண்டி எடுத்து, அவருடைய முதலீட்டாளர் ஒருவரிடமும் சொல்லிவிட்டார். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகும் அதை வெளியிட்டார்கள். திருநர் ஒருவரிடம்கூட முன்கூட்டிக் காட்டிக் கேட்கவில்லை என்று சிம்மன்ஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஒரு பத்திரிகையின் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பத் தகுந்த குற்றம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இதற்கு இடைநீக்கம் கிடையாது. ஆண்டுக்கு 190 கோடி டாலர் வியாபாரக் கூட்டாளியைப் பொய்யர் என்றதற்கு மூன்று வாரம். நிறுவனத்தின் முன்னுரிமைகள் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்த பின்னும், மூடியதற்கு வாசகரின் பொறுமையின்மைதான் காரணம் என்று நம்பச் சொல்கிறார்கள்.

“சரி, ஆனால் எண்ணிக்கை குறைவுதானே? பஸ்ஃபீடு மாதிரித் துணுக்குத் தளத்துக்கு வந்த கூட்டம் இதற்கு வரவில்லையே?” என்பார்கள். எண்ணிக்கையை எப்படி எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். இணைய விளம்பரம் பக்கம் திறக்கப்படுவதைத்தான் எண்ணியது. ஒருவர் ஒரு நீண்ட கட்டுரையைத் திறந்து, காபி போட்டு எடுத்துவந்து, நாற்பது நிமிடம் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தால் அது ஒரு திறப்பு. இன்னொருவர் ‘வயதான பின் அடையாளம் தெரியாமல் போன 20 நட்சத்திரங்கள்’ என்ற படத் தொகுப்பில் சலிப்போடு இருபது முறை அமுக்கிவிட்டு வெளியேறினால் அது இருபது திறப்பு. முதலாமவருக்கு அந்த ஆசிரியரின் பெயர் பத்து ஆண்டு கழித்தும் நினைவிருக்கும். இரண்டாமவருக்குத் தளத்தின் பெயரே தெரியாது. ஆனால் விளம்பரதாரரின் அட்டவணையில் இரண்டாமவர் இருபது மடங்கு பெரிய மனிதர். தராசு இப்படிச் செய்யப்பட்டிருந்தது. அந்தத் தராசில் நிறுத்துவிட்டு, படிப்பவருக்கு எடை இல்லை என்றார்கள்.

அடுத்து வந்த கூத்து இன்னும் விசேஷம்: வீடியோவுக்குத் தாவுதல். 2015க்குப் பின் ஃபேஸ்புக் எல்லாப் பதிப்பாளர்களையும் வீடியோ பக்கம் அழைத்தது; மக்கள் ஒவ்வொரு வீடியோவையும் இவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று எண்களையும் காட்டியது. 2016 செப்டம்பரில் அந்த எண்களில் பிழை இருப்பதாக ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. பிழை எப்படி என்றால், மக்கள் பார்த்த மொத்த நேரத்தைப் பார்த்தவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் அல்லவா? மூன்று நொடிக்குள் விரலால் தள்ளிவிட்டுப் போனவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்கவே இல்லை. பிடிக்காமல் ஓடியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் மீந்தவர்கள் எல்லோரும் ரசிகர்களாகத்தான் தெரிவார்கள். சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை ஊதிக் காட்டப்பட்டிருந்தது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இதற்கிடையில் அந்த எண்களை வேதமாக எடுத்துக்கொண்டவர்கள் செய்ததைப் பாருங்கள். 2017 ஜூனில் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் தன் தளத்தில் எழுதியவர்களையும் ஆசிரியர்களையும் அனுப்பிவிட்டு முழுக்க வீடியோவுக்கு மாறியது. சில மாதங்களில் தளத்துக்கு வருவோர் 88 சதவீதம் குறைந்ததாகச் செய்திகள் வந்தன. அதே ஜூனில், கிராண்ட்லேண்டிலிருந்து வந்தவர்களைச் சேர்த்து நீண்ட எழுத்துக்கு ஓர் இடம் அமைத்திருந்த எம்டிவி நியூஸும் அவர்களை அனுப்பிவிட்டு வீடியோ என்றது. வாசகர் எழுத்தை விட்டு ஓடியதாகச் சொன்னார்கள். எழுத்தை எடுத்ததும்தான் வாசகர் ஓடினார்.

“படிக்க ஆளில்லை” என்பதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு: “விளையாட்டுத் தளம் என்றால் விளையாட்டை மட்டும் எழுது.” வாசகர் ஸ்கோர் பார்க்க வருகிறார், உன் சினிமாக் கருத்தும் அரசியலும் அவருக்கு எதற்கு என்கிற வாதம். இதன் சோதனைக்கூடம் டெட்ஸ்பின். 2005இல் வில் லீட்ச் தொடங்கியது. காக்கர் என்ற இணையதளக் குழுமத்தின் பிள்ளை. மரியாதை தெரியாத, சிரிக்கச் சிரிக்க எழுதுகிற, ஆனால் வேலை தெரிந்த கூட்டம். 2013 ஜனவரியில், நோட்டர் டேம் பல்கலைக்கழக வீரர் மான்டி டேயோவின் இறந்துபோன காதலி என்று நாட்டின் பெரிய பத்திரிகைகளெல்லாம் உருகி எழுதிய பெண் உலகத்தில் இருந்ததே இல்லை என்று ஆதாரத்தோடு வெளியிட்டது டெட்ஸ்பின்தான். தொலைபேசியை எடுத்துச் சரிபார்க்கிற வேலையை மற்றவர்கள் செய்யாமல் விட்டிருந்தார்கள்.

காக்கர் குழுமம் 2016இல் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் தொடுத்த வழக்கில் விழுந்தது. 14 கோடி டாலர் தீர்ப்பு. வழக்குக்குப் பின்னால் பீட்டர் தீல் என்ற கோடீஸ்வரரின் பணம். டெட்ஸ்பின் முதலில் யூனிவிஷனுக்கும், 2019 ஏப்ரலில் கிரேட் ஹில் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் கைமாறியது. புதிய நிர்வாகம் வந்ததும் சொன்னது: விளையாட்டை மட்டும் எழுதுங்கள். அந்த ஆகஸ்டில் தலைமை ஆசிரியர் மேகன் கிரீன்வெல் விலகினார். போகும்போது எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கை முன்வைத்தார். டெட்ஸ்பினில் விளையாட்டல்லாத விஷயங்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அதில் வரும் பதிவு ஒவ்வொன்றும் சராசரியாக முதன்மைத் தளத்துப் பதிவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாசகரைக் கொண்டுவந்தது. விளம்பரத் தராசிலேயே நிறுத்துக் காட்டிய எடை இது. நிர்வாகத்துக்கு அந்த எடையும் வேண்டாம். அக்டோபர் 29 அன்று, கட்டளையை மீறியதற்காக, பொறுப்பு ஆசிரியராக இருந்த பாரி பெட்செஸ்கி வேலைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் குழு மொத்தமும் ராஜினாமா.

அந்த வாரத்தில் கவனிக்க ஒன்று உண்டு. வாசகர் விரும்பாததை எழுதினார்கள் என்று நிர்வாகம் குறை சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. தானாகச் சத்தத்தோடு ஓடும் வீடியோ விளம்பரங்களை வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். உங்கள் எரிச்சலை இந்த முகவரிக்குச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் குழுவே தளத்தில் ஓர் அறிவிப்புப் போட்டது. நிர்வாகம் அந்த அறிவிப்பை எடுத்துவிட்டது. தகராறு யாருக்கும் யாருக்கும் இடையில் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பிடம் உள்ள உருப்படியான வாதம் ஒன்றுதான், அதை மழுப்பாமல் எடுத்துக்கொள்கிறேன். சிம்மன்ஸ் 2016 ஜூனில் தி ரிங்கர் என்ற புதுத் தளத்தைத் தொடங்கினார். கிராண்ட்லேண்ட் ஆட்கள் பலர் கூடப் போனார்கள். அது பிழைத்தது. ஆனால் எழுத்தால் பிழைக்கவில்லை, பாட்காஸ்டால் பிழைத்தது. 2018இல் அதன் பாட்காஸ்ட் விளம்பர வருமானம் ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. 2020 பிப்ரவரியில் இசைச் செயலி நிறுவனமான ஸ்பாட்டிஃபை அதைச் சுமார் 20 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்து வாங்கியது. வாங்கியது காதுக்காக, கண்ணுக்காக அல்ல. “பார்த்தீர்களா, எழுத்துக்குக் காசு இல்லை என்று உங்கள் ஆளே நிரூபித்துவிட்டார்” என்கிறார்கள்.

பாதி சரி. விளம்பரத்தை மட்டும் நம்பினால் எழுத்துக்குக் காசு இல்லை. தொகுப்பாளரே தன் வாயால் ஒரு மெத்தைக் கம்பெனியைப் புகழும் பாட்காஸ்ட் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை, கட்டுரை ஓரத்தில் மினுங்கும் படத்துக்குக் கிடைக்காது. ஆனால் “மக்களுக்குப் பொறுமை இல்லை” என்பதற்கு ரிங்கரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் பாட்காஸ்டுகளைக் கேட்டதுண்டா என்று சந்தேகம். ஏற்கெனவே பலமுறை பார்த்த ஒரு பழைய படத்தைப் பற்றி மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி, சமயத்தில் இரண்டு மணிக்கு மேல் பேசுகிறார்கள். அதைப் பெருங்கூட்டம் கேட்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று சொல்லப்பட்ட அதே கூட்டம். அந்தக் குரல்களை அவர்கள் எங்கே அறிமுகம் செய்துகொண்டார்கள்? பெரும்பாலும் எழுத்தில்தான். 2024இல் ஈஎஸ்பிஎன் ஸாக் லோவை அனுப்பிய பின் ரிங்கர் அவரை அழைத்துக்கொண்டது. அவரை மைக் முன் உட்காரவைக்கும் மதிப்பு, கிராண்ட்லேண்ட் காலத்தில் நாலாயிரம் வார்த்தை நாலாயிரம் வார்த்தையாகச் சேர்ந்தது.

காசு கொடுத்தே படிப்பார்களா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. 2016இல் தொடங்கிய தி அத்லெட்டிக் என்ற விளையாட்டுத் தளம் சந்தா கட்டினால்தான் திறக்கும். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் 55 கோடி டாலருக்கு அதை வாங்கியபோது 12 லட்சம் சந்தாதாரர் இருந்தார்கள். அது பல ஆண்டு நட்டத்தில் ஓடியது உண்மை; 2024 பிற்பகுதியில்தான் லாபத்தின் முகத்தைப் பார்த்தது. ஊருக்கு ஊர், அணிக்கு அணி நிருபர்களை வாரி வாரி எடுத்துக்கொண்ட முதலீட்டாளர் அவசரத்தின் விலை அது. வளர்ச்சி என்ற பெயரில் அளவுக்கு மீறி விழுங்கியதைச் செரிக்க முடியாத பழியையும் வாசகர் தலையில் கட்டலாமா?

அளவோடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் டிஃபெக்டர். டெட்ஸ்பினிலிருந்து வெளியேறிய சுமார் இருபது பேர், 2020 செப்டம்பரில், கொரோனாவின் நடுவில், முதலாளி இல்லாமல் தொடங்கியது. பங்குகள் அவர்களிடமே. தலைமை ஆசிரியரை நீக்க வேண்டுமானால் ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும்; வெளியிலிருந்து யாரும் நீக்க முடியாது. தொடக்கத்தில் சந்தா மாதம் 8 டாலர். முதல் ஆண்டிலேயே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். அந்த ஆண்டு வருமானம் 32 லட்சம் டாலர். ஏறக்குறைய எல்லாமே சந்தாப் பணம். இதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையை வாசகர் முன் அவர்களே விரித்து வைக்கிறார்கள். எவ்வளவு வந்தது, சம்பளத்துக்கு எவ்வளவு, எதில் சறுக்கினோம் என்று எழுதுகிறார்கள். அறிக்கையும் அவர்கள் நடையில், கொஞ்சம் நையாண்டியோடுதான் இருக்கிறது.

32 லட்சம் டாலர் என்பது ஈஎஸ்பிஎன் தலைமையகத்தில் கணக்குப் பிழை என்று ஒதுக்கக்கூடிய தொகை. சுமார் இருபது பேருக்குச் சம்பளம் போட்டு, ஒரு சிறு பத்திரிகையை நடத்த அது போதும். 30 ஆயிரம் என்பது விளம்பரத் தராசில் தூசி. சந்தாத் தராசில் ஓர் ஊர். அவர்கள் விளையாட்டை மட்டும் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரடிகளைப் பற்றி எழுதுகிறார்கள், சமையலைப் பற்றி எழுதுகிறார்கள். முகம் தெரியாதவர்களின் வம்புக் கதைகளைச் சொல்லும் அவர்களது பாட்காஸ்ட் விளையாட்டின் வாடையே அறியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

இது ஏதோ அமெரிக்க விசித்திரம் என்று நினைப்பவர்களுக்கு, நம் பக்கத்தோடு தொடர்புள்ள பழைய கதை ஒன்று. 1993இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய கிரிக்கெட் தளமான கிரிக்கின்ஃபோவை, அமெரிக்காவில் ஸ்கோர் கிடைக்காமல் தவித்த மாணவர்கள்தான் ஓய்வு நேரத்தில் கட்டி எழுப்பினார்கள். அவர்களில் ஒருவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பத்ரி சேஷாத்ரி. பின்னால் சென்னையில் கிழக்கு பதிப்பகம் தொடங்கியவர். 2000இல் இந்திய இணைய நிறுவனமான சத்யம் இன்ஃபோவே கிரிக்கின்ஃபோவின் கால் பங்கை 3.75 கோடி டாலருக்கு வாங்கியது. அப்படியானால் முழுத் தளத்தின் மதிப்பு 15 கோடி. அடுத்த ஆண்டே டாட்காம் குமிழி உடைந்து, தளம் தள்ளாடியது. 2003இல் கிரிக்கெட் பதிப்பகமான விஸ்டன் கைக்கும் 2007இல் ஈஎஸ்பிஎன் கைக்கும் போனது. ஆட்டம் நடக்கும் நாளில் அலுவலகக் கணினியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலதிகாரி வந்தால் ஜன்னலைச் சுருக்கிக்கொண்டிருந்த கூட்டம் இந்தக் காலமெல்லாம் எங்கும் போகவில்லை. மதிப்பு ஏறியதும் விழுந்ததும் அவர்களைக் கேட்டு நடக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால், இணையமே இல்லாத காலத்தில், தி நேஷனல் என்ற விளையாட்டு நாளிதழ். 1990 ஜனவரி 31 அன்று தொடங்கி 1991 ஜூன் 13 அன்று நின்றது. மெக்சிகோவின் தொலைக்காட்சி அதிபர் எமிலியோ அஸ்காராகாவின் பணம், ஃபிராங்க் டெஃபோர்டின் ஆசிரியத்துவம், அன்றைய சிறந்த கைகள். அந்தப் பத்திரிகையும் வாசகர் இல்லாமல் செத்ததாகச் சொல்வார்கள். இரவு ஆட்டங்களின் முடிவு அச்சுக்குப் பிடிபடவில்லை. நாடு முழுக்க விடிவதற்குள் கொண்டு சேர்க்கச் சொந்த வண்டி இல்லை, வேறொரு பத்திரிகையின் விநியோகத்தை நம்பியிருந்தது. நேற்றைய ஸ்கோர் இல்லாத, நேரத்துக்கு வராத விளையாட்டு நாளிதழை வாங்கவில்லை என்று வாசகரைக் குறை சொன்னால் எப்படி? கிராண்ட்லேண்ட் தன் முதல் நாளில் வெளியிட்டவற்றில் ஒன்று, இந்தப் பத்திரிகை செத்த கதையை அதில் வேலை பார்த்தவர்கள் வாயாலேயே சொல்லவைத்த நீண்ட தொகுப்பு. அசட்டுத் துணிச்சலா, ஜாதகம் பார்த்துக்கொண்டதா, தெரியாது.

டெட்ஸ்பின் என்ற பெயர் மட்டும் பிறகும் உலவிக்கொண்டிருந்தது. குழு முழுவதும் போன பின் வேறு ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். விளையாட்டை மட்டும் எழுதச் சொல்லி வந்தவர்களின் கையில் நான்கு ஆண்டுக்கு மேல் இருந்தது. 2024 மார்ச்சில் மால்டாவைச் சேர்ந்த லைன்அப் பப்ளிஷிங் என்ற நிறுவனத்துக்கு விற்றார்கள். இருந்த ஊழியர்களில் ஒருவரையும் புதியவர் எடுத்துக்கொள்ளவில்லை. தளத்தின் வேலை சூதாட்ட நிறுவனங்களுக்கு ஆள் பிடித்து அனுப்புவதாக மாறியது. டிஃபெக்டர் அந்த மாதமும் வழக்கம்போல் வந்தது, சந்தாவும் கட்டினார்கள்.